இசக்கிசெல்வி அச்சுக்குக் கொடுத்த பேர்கள்

இசக்கிசெல்வியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. என் அச்சகத்துக்குள் அவள் நுழையும் முன்பே அவள் சத்தம் நுழைந்துவிடும். வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே, "அண்ணாச்சி, மெஷின் ஓடுதா, இல்ல உங்கள மாதிரி அதுவும் தூங்குதா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவாள். நான் தூங்குகிற ஆள் இல்லை. தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அச்சகம் வைத்திருக்கிறவன் தூங்கினால், பக்கத்துக் கடைக்காரன் என் போர்டையே கழற்றி எடைக்குப் போட்டுவிடுவான். இந்தச் சிவசுப்பிரமணியன் கோபக்காரன் என்று ஊருக்கே தெரியும். இவளுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

பகலில் அவளுக்கு வேலை துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில். கப்பல் ஏறப்போகிற கன்டெய்னர்களுக்கு வேண்டிய காகிதங்களைத் தயார் செய்கிற இடம். அங்கே முன்பு ஒரு அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்து டைப் அடித்த வேலைக்கு இவள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறாள். விவரத்தைக் கொடுத்து ஒரு பட்டனைத் தட்டினால் பி.டி.எஃப். பக்கங்கள் கடகடவென்று வந்து விழும். பெட்டி மேல் ஒட்டுகிற லேபிளும் அதிலேயே வந்துவிடும். இதை நானாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பார்க்கும்போதெல்லாம் அவளே சொல்லுவாள். புருஷன் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார். அவ்வளவு உயரத்தில் போய் உட்கார்ந்தால்தான் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி என்று நான் கேலி செய்வேன். "ஆமா அண்ணாச்சி, அங்கன டவர் நல்லா கிடைக்கும், நான் போன் அடிச்சா உடனே எடுப்பாரு" என்பாள். இவளிடம் பேசி ஜெயிக்க முடியுமா?

எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சொந்த ஊர் ஒன்றுதான். உடன்குடிக்குப் பக்கத்தில், தேரி என்கிற செம்மணல் மேட்டு ஓரத்தில் ஒரு சின்ன ஊர். ஊரில் பாதிப் பேர் தூத்துக்குடியில் கடை போட்டுவிட்டோம், மீதிப் பேர் பம்பாயில் கடை போட்டுவிட்டார்கள். இவள் அப்பா செல்வதுரையும் பம்பாயில் கடை போட்டவர்தான். கடை மட்டும் போடவில்லை, அங்கே இன்னொரு குடும்பமும் போட்டுவிட்டார். இவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் போன மனுஷன், திரும்பி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மா வடிவம்மாள் அழுதாளா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. முத்தையாபுரத்தில் ஒரு பலசரக்குக் கடையைப் போட்டாள், பிள்ளையைப் படிக்க வைத்தாள், கட்டிக் கொடுத்தாள். தராசு முன்னால் நிற்கிற வடிவம்மாளிடம் கால் கிலோவுக்கு ஒரு பருப்பு கூடக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும் அவள் யாரென்று.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கொடையைத் தவிர. எங்கள் ஊர் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் ஊர்க்காரன் வந்துவிடுவான். வடிவம்மாள் மட்டும் வரமாட்டாள். காரணம், பத்திரிகை. கொடைப் பத்திரிகையைக் குடும்பத்துக்கு ஒன்றாக, குடும்பத் தலைவர் பேர் எழுதி, தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமத்தோடு வைத்துக் கமிட்டிக்காரர்கள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அது எங்கள் வழக்கம். முத்தையாபுரம் கடைக்கு வருஷா வருஷம் போன பத்திரிகையில் 'செல்வதுரை குடும்பத்தார்' என்றுதான் எழுதியிருக்கும். வடிவம்மாள் அதைக் கையால் தொடமாட்டாள்.

"அந்த ஆளத்தான கூப்புட்டிருக்கு? அந்த ஆளு வந்து வாங்கிட்டுப் போகட்டும். எனக்குச் சோலி கிடக்கு" என்று தராசுப் பக்கம் திரும்பிவிடுவாள்.

மகளுக்கு இது பொறுக்கவில்லை. கொடை வந்தால் அம்மா கடையைச் சாத்தாமல் அன்றைக்குப் பார்த்து மிளகாய் வற்றலைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் இசக்கிசெல்வியின் சத்தம் இறங்கிவிடும்.

இந்தத் தடவை அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. எங்கள் கமிட்டி கூடுவது என் அச்சகத்து மாடியில். செயலாளர் வீரபாகு அண்ணாச்சிதான் காலம் காலமாகப் பத்திரிகையில் பேர் எழுதுகிறவர். அவர் கையெழுத்தை அம்மன்தான் படிக்க வேண்டும். போன கொடைக்கு அதனால் ஏகப்பட்ட சடவு, மனத்தாங்கல். இந்தத் தடவை பேர்களையும் தங்க நிறத்தில் அச்சடித்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது, கீழே காகிதம் வாங்க வந்திருந்தவள் விறுவிறுவென்று மாடி ஏறி வந்துவிட்டாள்.

"நான் பண்ணித் தாரேன். எல்லாப் பேரும் என் ஸ்கிரிப்ட்ல போட்டு, ஆளுக்கொரு பக்கமா பி.டி.எஃப். எடுத்துத் தாரேன். ஒத்தப் பைசா வேண்டாம். ஆனா எங்க வீட்டுப் பத்திரிகையில எங்க அம்மா பேரு வரணும்."

வீரபாகு அண்ணாச்சி முகம் சுருங்கியது. "ஏளா, ஆம்பள இருக்க வீட்டுக்கு ஆம்பள பேருதான் போடணும். அப்பன் உசுரோட இருக்கும்போது அது எப்பிடி?"

"எங்க இருக்காவ? கூப்புடுங்க, பாப்போம்."

கமிட்டித் தலைவர் நல்ல மனுஷர், மதியச் சாப்பாட்டு நேரம் வேறு தாண்டிக்கொண்டிருந்தது. "ஒரு பேருதான, போட்டுட்டுப் போறா. முடிங்கப்பா" என்றார். இப்படித்தான் அது முடிவாயிற்று. அவள் படியிறங்கும்போது ஒரு துள்ளல் துள்ளினாள், நான் பார்த்தேன்.

ஒரு வாரம் அவள் என் கடைக் கம்ப்யூட்டரே கதி என்று கிடந்தாள். ஆபீஸ் முடிந்ததும் வந்துவிடுவாள். முதலில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. செந்தூர்வேல் என்று கொடுத்தால் முதல் எழுத்தே முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கிற ஏதோ ஒன்றை ஸ்கிரிப்ட்டில் சேர்க்க வேண்டுமாம், சேர்த்தாள், கொம்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது. "பாத்தியளா?" என்றாள். பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. என்னிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

கால்நாட்டுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், மொத்தத்தையும் பி.டி.எஃப். ஆக்கிக் கமிட்டி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். கொடைக்குப் பந்தக்கால் நடுவதைத்தான் நாங்கள் கால்நாட்டு என்போம். அன்றைக்கே பத்திரிகைகளை அம்மன் காலடியில் வைத்து எடுத்துவிட வேண்டும். போட்ட கொஞ்ச நேரத்தில் என் போன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்தால் வீரபாகு அண்ணாச்சி.

"ஏலே மணி, என் பேரு எங்கல? நாலு இனிஷியல் இருக்கு. அதுக்குப் பெறவு வரிசையா கட்டம் கட்டமா இருக்கு. எனக்கு என்ன, பாண்டி விளையாடவா கோடு போட்டிருக்கா?"

திறந்து பார்த்தேன். உண்மைதான். A.S.K.P. என்று கம்பீரமாக நிற்கிறது. பிறகு வீரபாகு இருக்க வேண்டிய இடத்தில் காலிக் கட்டங்கள். தலைவருக்கும் அப்படியே. பெரிய கடைக்காரர், லாரி முதலாளி, பம்பாய்ப் பணக்காரர் எல்லாருக்கும் கட்டம். என் பேரும் கட்டம்தான். ஆனால் எங்கள் ஊரில் டீக்கடை வைத்திருக்கிற மாடக்கண்ணுவின் பேர் பளிச்சென்று விழுந்திருக்கிறது. வடிவம்மாள் பேரும் பளிச்சென்று இருக்கிறது. குரூப்பில் அதற்குள் புயல் கிளம்பிவிட்டது. வேண்டுமென்றே பெரிய மனுஷர்களை அவமானப்படுத்தியிருக்கிறாள் என்று ஒருவர் எழுதினார். செய்வினையாக இருக்குமோ என்று இன்னொருவர்.

இசக்கிசெல்வி ஓடி வந்தாள். வந்ததும் என் மேல் பாய்ந்தாள். "உங்க கம்ப்யூட்டர்ல ஃபாண்ட் இல்ல அண்ணாச்சி. அதான்."

"ஏளா, என் போன்லயும் கட்டம், வீரபாகு அண்ணாச்சி போன்லயும் கட்டம். எல்லாருக்கும் என் கம்ப்யூட்டரா போச்சு?"

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பி.டி.எஃப். எந்தெந்த ஃபாண்டைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு இடம் இருக்கிறது, அதைத் திறந்தாள். தமிழ் ஃபாண்டும் உள்ளே இருந்தது, இங்கிலீஷ் ஃபாண்டும் உள்ளே இருந்தது. அப்படியானால் ஃபாண்ட் இல்லாத குறை இல்லை. ஃபாண்ட் கோப்பு கெட்டுப் போயிருக்கும் என்று வேறொன்றை இறக்கிப் போட்டாள். கட்டம். தடிமனான எழுத்தை விட்டுச் சாதா எழுத்தைப் போட்டாள். சாதா கட்டம். "சவத்த" என்று விசைப்பலகையை ஒரு தட்டுத் தட்டினாள். அது என்னுடைய விசைப்பலகை என்று ஞாபகப்படுத்தினேன்.

கடைசியில், "சரி, இங்கிலீஷே வேண்டாம். எல்லாத்துக்கும் தமிழ் ஃபாண்டுதான்னு சொல்லிட்டேன்" என்று மறுபடி ஓட்டினாள். வீரபாகு என்று அழகாக வந்தது. ஆகா என்று இரண்டு பேரும் கத்தினோம். சந்தோஷத்தில் சரியாகப் பார்க்காமல் அதையும் குரூப்பில் போட்டுத் தொலைத்தாள்.

இந்தத் தடவை அண்ணாச்சி போன் செய்யவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். சட்டைப் பொத்தான் கூட மாற்றிப் போட்டிருந்தார். "என் பேரு வந்திட்டு. சந்தோஷம். என் இனிஷியலு எங்க? இப்ப அது நாலும் கட்டமாட்டு இருக்கு. எங்க அப்பா, தாத்தா, கடைப்பேரு எல்லாத்தையும் முழுங்கிட்டியேளா!"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்து வியாபாரக் குடும்பங்களில் இனிஷியல் என்றால் வெறும் அப்பா பேரின் முதல் எழுத்து இல்லை. சரக்கு மூட்டைமேல் மை தடவி அடிக்கிற மார்க்குதான் அது. லாரியில் ஏறினாலும் கப்பலில் ஏறினாலும் எங்கேயும் அடையாளம் தெரிய வேண்டும் என்று இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்கள். தலைமுறைக்கு ஒரு எழுத்தாகச் சேர்ந்துகொண்டே போகும். பேரைத் தமிழில் எழுதுவோம், இனிஷியலை மட்டும் இங்கிலீஷில்தான் எழுதுவோம். நாலு எழுத்து முன்னால் இருந்தால் நாலு தலைமுறைக் கடை என்று அர்த்தம். அதை எடுத்தால் வேட்டியை உருவின மாதிரி.

"போதும் தாயி. ஒன் ஸ்கிரிப்ட்டும் வேண்டாம், கிழிப்பும் வேண்டாம். நாளைக்குக் கால்நாட்டு. சாயங்காலத்துக்குள்ள சரியா வரலேன்னா நான் பேனாவ எடுத்திருவேன். பழையபடி நானே எழுதுதேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவர் பேனாவை எடுத்தால் என்ன எழுதுவார் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பழையபடிதான் எழுதுவார். செல்வதுரை குடும்பத்தார்.

அவள் விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. "அம்மாட்ட சொல்லிட்டேன் அண்ணாச்சி. ஒம்பேருல வருதும்மான்னு சொல்லிட்டேன். ஒண்ணுமே சொல்லல. ஆனா நேத்து பட்டுச்சேலைய எடுத்து வெயில்ல போட்டிருந்தா" என்றாள். எதிரே போய்ப் பருத்திப்பால் வாங்கிக்கொண்டு வந்தேன். அதைத் தவிர எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

பருத்திப்பாலைக் குடித்துக்கொண்டே இரண்டு பி.டி.எஃப்.பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று டம்ளரை வைத்தாள்.

"அண்ணாச்சி, எங்க அம்மா பேரு ரெண்டுலயும் ஒழுங்கா வந்திருக்கு."

"சரி, அதுக்கு?"

"அம்மாவுக்கு இனிஷியல் கிடையாது. மாடக்கண்ணு மாமாவுக்கும் கிடையாது. இனிஷியல் இல்லாதவங்க யாருக்குமே கட்டம் விழல!" என்று கத்தினாள். தெருவில் போன ஆட்டோக்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம்தான் எனக்கு விளக்கினாள். ஆபீசில் லேபிள் அடிக்கும்போது ஒரு வரி முழுக்க இங்கிலீஷாக இருக்கும், அடுத்த வரி முழுக்கத் தமிழாக இருக்கும். எடை இங்கிலீஷில், பனங்கருப்பட்டி தமிழில். ஆகையால் வரியின் முதல் எழுத்தைப் பார், அது எந்த மொழியோ அந்த ஃபாண்டை எடு என்று ஸ்கிரிப்ட்டுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். இத்தனை காலம் அது ஒழுங்காக ஓடியது. இப்போது A.S.K.P. வீரபாகு வந்ததும், முதல் எழுத்து A என்று பார்த்துவிட்டு இங்கிலீஷ் ஃபாண்டை எடுத்திருக்கிறது. அந்த ஃபாண்டுக்குத் தமிழ் எழுத்து ஒன்று கூடத் தெரியாது, கட்டத்தைப் போட்டு வைத்துவிட்டது. எல்லாம் தமிழ் ஃபாண்ட் என்றதும், அந்தத் தமிழ் ஃபாண்டில் இங்கிலீஷ் எழுத்தே வைக்கவில்லை, அது இனிஷியலுக்குக் கட்டம் போட்டது. இரண்டு ஃபாண்டும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கின்றன. தப்பு அவற்றைத் தேர்ந்தெடுத்த இடத்தில்.

"நாந்தான் கோட்டி" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். முதல் எழுத்தை மட்டும் பார்க்காமல் எழுத்து எழுத்தாகப் பார், இங்கிலீஷ் துண்டை அந்த ஃபாண்டில் போடு, தமிழ்த் துண்டை இந்த ஃபாண்டில் போடு என்று ஸ்கிரிப்ட்டை மாற்றினாள். ஓட்டினாள். A.S.K.P. வீரபாகு முழுசாக வந்து நின்றார். இனிஷியல் கொஞ்சம் பெரிதாக, பேர் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. இரண்டு ஃபாண்டும் ஒரே அளவு என்று சொல்லிக்கொண்டாலும் கண்ணுக்கு ஒன்றாக இராது. அது என் தொழில், நான் சொன்னேன், இங்கிலீஷை ஒரு சுற்றுக் குறைத்தாள். மறுநாள் விடியும் முன்னே அடித்து, வெட்டி, கட்டிவிட்டேன். அண்ணாச்சி தன் பத்திரிகையை வாங்கித் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பரவாயில்ல" என்றார். ஆனால் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுவதும் ஊரெல்லாம் சுற்றினார்.

கால்நாட்டு முடிந்து பத்திரிகை கொடுக்க ஆரம்பித்தோம். முத்தையாபுரத்துக்கு அண்ணாச்சியும் நானும் போனோம். இசக்கிசெல்வி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, எதேச்சையாக வந்த மாதிரி கடைக்குள் நின்றுகொண்டிருந்தாள். வடிவம்மாள் யாருக்கோ சீனி நிறுத்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் பேரைச் சரியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த அண்ணாச்சி வாசலில் நின்று பழக்கத்தில், "ஏ, செல்வதுரை வீட்டம்மா" என்று ஆரம்பித்துவிட்டு, நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். பத்திரிகையைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, தொண்டையைச் செருமி, "வடிவம்மாள் குடும்பத்தார்" என்றார்.

வடிவம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். வெகு நேரம் பார்த்தாள். "அச்சு நல்லா இருக்கு" என்றாள். இசக்கிசெல்வியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிறகு வடிவம்மாள் கேட்டாள்: "அண்ணாச்சி, உங்க மதினிக்கு எப்பிடி அடிச்சிருக்கு?"

அண்ணாச்சியின் அண்ணன் தவறிப் போய் வெகு நாளாகிறது. மதினி தனியாகத்தான் இருக்கிறாள். "அது... எங்க அண்ணன் பேருலதான். 'மறைந்த' போட்டு."

"லாரி ஆக்சிடென்ட்டுல போனாவளே, அந்த வீட்டுக்கு?"

"அதுவும் அப்பிடித்தான்."

வடிவம்மாள் பத்திரிகையைத் தாம்பாளத்தில் திருப்பி வைத்துவிட்டாள். "இப்ப இது வேண்டாம்."

இசக்கிசெல்விக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "யம்மா! உனக்காக நான் என்ன பாடு பட்டிருக்கேன் தெரியுமா? எத்தன பேருட்ட ஏச்சு வாங்கியிருக்கேன்!"

"தெரியும். பட்டிருக்கே. நான் மட்டும் போயி அங்கன நின்னா எல்லாவளும் என்ன சொல்லுவாளுவ? இவளுக்கு மவ கம்ப்யூட்டர் படிச்சிருக்கா, அதனால பேரு வந்திட்டும்பாளுவ. அவளுவளுக்கு அப்பிடி மவ இல்லையே, என்ன செய்வாளுவ? புருசன் செத்தவளுக்கும் போட்டுட்டு வா. நான் வாரேன்."

"கமிட்டி கூடணும்" என்றார் அண்ணாச்சி.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "கூட வேண்டாம் அண்ணாச்சி. காயிதம் என் காயிதம், மெஷின் என் மெஷின். நான் அடிச்சுத் தாரேன், கேக்கவன என்கிட்ட அனுப்புங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நான் அதைச் சொன்னேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

இசக்கிசெல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனை எடுத்தாள். "ஸ்கிரிப்ட்டுக்கு ஒண்ணும் பெரிய வேலை இல்ல. பேரச் சொல்லுங்க, மாத்திருதேன். உங்க மதினி பேரு என்ன அண்ணாச்சி?"

வீரபாகு அண்ணாச்சி "மதினி..." என்றார். வேட்டி நுனியைப் பிடித்தார். ஒரே வீட்டில் வளர்ந்து, அவள் கையால் சோறு தின்ற மனுஷன். அவள் பேர் அவருக்குத் தெரியவில்லை. அவரைச் சொல்லி என்ன, லாரி ஆக்சிடென்ட்டில் போனவர் வீட்டம்மா பேர் எனக்கும் தெரியாது. அவள் என் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறாள்.

வடிவம்மாள்தான் சொன்னாள். "செண்பகவடிவு" என்றாள். பிறகு சீனிப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே ஒவ்வொருத்தி பேராகச் சொல்லிக்கொண்டு போனாள். எங்களை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இசக்கிசெல்வி போனில் தட்டிக்கொண்டே வந்தாள். அண்ணாச்சி கடைக்கு வெளியே இருந்த உப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

கொடைக்கு வடிவம்மாள் வந்தாள், வெயிலில் உலர்த்தின பட்டுச்சேலையில். மத்தியானக் கொடை முடிந்து பிரசாதம் கொடுக்கும்போது, குடும்பம் குடும்பமாக மைக்கில் பேரைக் கூப்பிடுவோம். கூப்பிடுவது செயலாளர் வேலை. இசக்கிசெல்வி பெரிய எழுத்தில் எடுத்துக் கொடுத்திருந்த காகிதத்தை வைத்துக்கொண்டு அண்ணாச்சி வாசித்தார். வடிவம்மாள் பேர் வந்ததும், "இங்கன இருக்கேன்" என்று மேளச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்துபோய் வாங்கிக்கொண்டு வந்தாள். இசக்கிசெல்வி விசில் அடித்தாள். கோயிலில் பெண்பிள்ளை விசிலடிப்பதா என்று நான் கேட்கவில்லை.

கொஞ்சம் கழித்து அண்ணாச்சி, "செண்பகவடிவு குடும்பத்தார்" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் வாசித்தார். பெண்கள் பக்கத்தில் அவருடைய மதினி முன்வரிசையிலேயே உட்கார்ந்து, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று மற்றவர்களைப் போலவே பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவம்மாள் அவள் தோளைத் தொட்டாள். "ஏளா, ஒன்னையத்தான் கூப்புடுதாவ."

"என்னையவா?" என்றாள் செண்பகவடிவு.